நடுவட்டத்துக் காப்பர்

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் ஊட்டி வண்டியைப் பிடித்தேன். மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைப் பின்னால் வைக்கச் சொன்ன நடத்துநரிடம், "இது என் உயிர், இங்கேயே இருக்கட்டும்" என்றேன். "உயிருக்கு டிக்கெட் இல்லீங்க, உங்களுக்கு மட்டும் எடுத்தாப் போதும்" என்றார். காலங்கார்த்தாலே இப்படிப் பேசுகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? பெட்டி மடியிலேயே வந்தது.

நான் நிலவியலாளர். பாறையைத் தட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு. பதினாறு வருடங்களாக ராஜஸ்தானிலும் ஜார்க்கண்டிலும் செம்பும் தங்கமும் தேடும் குழுக்களில் இரண்டாவது ஆளாகவே இருந்திருக்கிறேன். முதல் ஆளாக இருந்தவர்கள் எல்லாம் என்னைவிடக் கெட்டிக்காரர்களா என்றால், அந்தப் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம், எனக்குக் கோபம் வரும். போன ஐப்பசி மழையில் நடுவட்டத்துக்குப் பக்கம் ஓர் ஓடையில் வண்டல் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மலை மண்ணில் பத்து லட்சம் பங்குக்கு நாற்பது பங்கு செம்பு இருந்தால் அது சாதாரணம். அந்த ஓடையில் முந்நூற்றுப் பத்து இருந்தது. ஆபீசே துள்ளிக் குதித்தது. துளையிட்டுப் பார்க்கலாம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வாரம் மறுபடி போய்ச் சரிபார்த்து, சனிக்கிழமைக்குள் "உறுதி" என்று சொல்லிவிட்டால் துளைக்கும் இயந்திரம் மலையேறும். வடக்கே ராஜஸ்தானில் தொடங்கப்போகும் பெரிய செம்பு, தங்க ஆய்வுக்கு நான் தலைவி. எங்கள் இயக்குநர் இதை வாய்விட்டே சொல்லியிருந்தார். நானும் அதற்காகவே போனேன். வேறு உயர்ந்த நோக்கமெல்லாம் இல்லை.

குன்னூரில் ஏழே முக்கால். பக்கத்து இருக்கையில் ஏறிய பெண்மணிக்கு அருவங்காட்டில் வீடு. வெலிங்டன் தாண்டுவதற்குள் என் பெயர், சம்பளம், கல்யாணம் எல்லாம் விசாரித்துவிட்டு, "பெட்டியில என்னங்க?" என்று கேட்டார்.

"செம்பு கண்டுபிடிக்கற மெஷின்."

"ஏனுங்க, எங்க ஊட்டுல ஒரு செம்பு காணாமப் போயி ஒரு மாசமாச்சு. அதையும் கண்டுபிடிக்குமுங்களா? எங்க அத்தையம்மா எம்மேல சந்தேகப்படுது."

சிரித்துக்கொண்டே அருவங்காட்டில் இறங்கிப் போய்விட்டார். எனக்கு இது புதிதில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போய் "இங்கே செம்பு இருக்கா?" என்று கேட்டாலும், யாராவது ஒருவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டுவார். அதனாலேயே வெளியில் போனால் "காப்பர்" என்று கேட்பதை வழக்கமாக வைத்திருந்தேன். அது என் முன்ஜாக்கிரதை. அந்த முன்ஜாக்கிரதையின் லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஊட்டியில் ஜீப்போடு காத்திருந்தவர் சாதிக் பாய். ஐம்பது வயது. அவருடைய அண்ணன் ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். போன தடவையும் இவர்தான் வண்டி ஓட்டினார். நாள் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, டீசல் தனி. "மேடம், இந்தத் தடவையாச்சும் எடுத்துருவீங்களா, இல்ல மறுபடியும் மண்ணுதானுங்களா?" என்று வரவேற்றார். அண்ணன் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார். பைக்காரா வழியாக முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், எட்டு வர்க்கி.

நடுவட்டத்தில் கடைவீதியில் மாடி அறை கிடைத்தது. நாளுக்கு எழுநூறு ரூபாய், வெந்நீர் வாளிக்கு முப்பது. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே கூடலூர்ப் பள்ளத்தாக்கு. மாசி மாதம் ஆதலால் மழை இல்லை, வெயில் உறைக்கிறது, நிழலுக்குள் போனால் பல் கிட்டுகிறது. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் சாலைக்குக் கீழே ஓடும் ஓடைதான் என்னுடையது. அதன் கரையில் ஒரு சிறு தேயிலைத் தோட்டத்துக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்த என் முளைக்குச்சி நின்றது. துளை எண் ஒன்று என்று என் கையெழுத்து. அதன் தலையில் யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வாளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை தங்கத்துக்கு. கூடலூர் பதினேழு கிலோமீட்டர், அதற்கும் மேல் பதினைந்து போனால் தேவாலா. வெள்ளைக்காரர் காலத்தில் தங்கத்துக்காகக் குடைந்த சுரங்கங்கள் அந்தப் பக்கத்துக் காடுகளுக்குள் தூர்ந்துபோய்க் கிடக்கின்றன. கம்பெனி கம்பெனியாக வந்து, பணத்தைக் கொட்டிவிட்டுப் போன இடம். "பார்த்துட்டு வாங்க, அறிக்கையில ஒரு பத்தி வேணும்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். ஓர் ஓடையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, தட்டில் மணலைச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினேன். மூன்று மணி நேரத்தில் மூன்று பொட்டு. கண்ணை இடுக்கினால் தெரியும், தும்மினால் போய்விடும். டீ பதினைந்து ரூபாய்க்கு ஆற்றித் தந்த கடைக்காரர் தட்டை எட்டிப் பார்த்தார். "பொன்னு உண்டு சேச்சி. எடுக்க முடியாது, அத்ரேயுள்ளூ" என்றார், பாதி மலையாளத்தில். அவ்வளவுதானாம். அந்தப் பத்தியை அவரே எழுதிவிட்டார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு ஓடையில் இறங்கினேன். பெட்டிக்குள் இருக்கும் கருவி துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொள்ளக் கூடியது. ஈர மண்ணை உலர்த்திச் சலித்து அதன் வாயில் வைத்தால், ஒரு நிமிடத்தில் என்ன உலோகம் எவ்வளவு என்று திரை சொல்லிவிடும். போன வருடம் இது எங்களிடம் இல்லை. சாலைப் பாலத்துக்குக் கீழே முதல் மண்: முந்நூற்று ஐந்து. அடுத்தது முந்நூற்றுப் பதினெட்டு. அடி சக்கை! ஒரு கல்லில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். மேலே சாலையில் நின்ற சாதிக் பாய், "என்னங்க மேடம், வழுக்கி உழுந்துட்டீங்களா?" என்று பதறினார். மத்தியானம் வரை எடுத்த பன்னிரண்டு மண்ணும் முந்நூறைச் சுற்றியே நின்றன. அன்று மாலை ராஜஸ்தானுக்கு எந்தெந்தச் சட்டைகளை எடுத்துப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன். வெட்கம்தான், ஆனால் யோசித்தேன்.

வியாழக்கிழமை, மூலத்தைத் தேடி மேலே. வண்டலில் செம்பு இருந்தால் அது எங்கோ ஒரு பாறையிலிருந்து கரைந்து வந்திருக்க வேண்டும். ஓடையோடு ஏறினால் அந்தப் பாறை அகப்படும். இரண்டு பக்கமும் எஸ்டேட் தேயிலை, நடுவில் நான், பின்னால் தண்ணீர்க் கேனோடு சாதிக் பாய். தேயிலை இருக்கும் வரை எண் குறையவில்லை. மூன்று கிலோமீட்டர் ஏறி, எஸ்டேட் எல்லையில் சோலைக்காட்டு விளிம்பை எட்டியபோது ஒரே வீழ்ச்சியாக முப்பத்தாறு.

சரி, அப்படியானால் பாறை இதற்கும் பாலத்துக்கும் இடையில்தான் இருக்கிறது என்று திரும்பினேன். கண்ணில் பட்ட பாறையை எல்லாம் சுத்தியலால் உடைத்தேன். நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. ஒன்றிலும் இல்லை. நான் விடுகிற ஜாதி இல்லை. தேயிலைக்குள் புகுந்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு, நாற்பத்தொரு இடத்தில் உடைத்தேன். கட்டைவிரலிலும் ஒரு அடி. "மேடம், கல்லே அழுதுருமுங்க. உட்ருங்க" என்றார் பாய். "அது அழட்டும், நான் அழமாட்டேன்" என்றேன். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். அறைக்கு வந்து அன்றைய எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓடை மண்ணில் இருக்கிறது, பாறையில் இல்லை. பின்னே வானத்திலிருந்தா விழுந்தது?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முளைக்குச்சி இருக்கும் தோட்டத்துக்குப் போனேன். புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. குச்சியின் தலையில் மறுபடியும் அதே வாளி! பக்கத்தில் ஓர் அம்மாள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் கம்பளித் துணி.

"அம்மா, இந்த வாளி..."

"என் வாளிதான். உங்க குச்சியா இது? நல்லதாப் போச்சு. இதை நட்ட ஆளை மாசக்கணக்காப் பாக்கணும்னு இருந்தேன்" என்றவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "முக்கால் ஏக்கருதான் எனக்கு. எஸ்டேட்ல முப்பது வருசம் கொழுந்தெடுத்த காசுல வாங்கினது. பன்னெண்டு செடியப் புடுங்கணும்னு உங்க ஆபீஸ் ஆளு ஒருத்தரு காயிதம் கொண்டாந்தாரு. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல."

அவர் பெயரைக் கேட்டேன். "தங்கம்" என்றார். பின்னால் சாதிக் பாய் பொத்துக்கொண்டு சிரித்தார். "கெடைச்சுருச்சுங்க மேடம்! எடுத்துட்டு ஊருக்குப் போயிரலாமுங்க!"

தங்கம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "இங்கே மண்ணுக்குள்ள காப்பர் இருக்குதும்மா. அதைத்தான் தோண்டிப் பார்க்கப் போறோம். போன வருஷம் இங்க விசாரிச்சப்ப உங்க ஆளுங்களே சொன்னாங்க, மேலே நெறைய காப்பர் இருக்குன்னு."

"ஆமா, இருக்குதே" என்றார் தங்கம்மா, ரொம்பச் சாதாரணமாக. "ஸ்டோர்ல மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்காங்க."

"எந்த ஸ்டோர்ல?"

"மருந்து ஸ்டோரு. மழை புடிச்சா கொழுந்துல கொப்புளம் வரும்ல, அதுக்குக் காப்பர்தானே அடிப்பாங்க. எங்க வீட்டுக்காரரு இருவத்திரண்டு வருசம் காப்பர் அடிச்ச ஆளு. நானும் இந்தச் செடிக்கு அடிக்கிறேன். அரைப் பை வீட்டுல கெடக்கு, வந்து பாருங்க."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் பின்னாலேயே நடந்தேன். வீடு தோட்டத்து முனையில்தான். கொட்டகையில் ஒரு கைப்பம்பு, நீலப்பச்சையாகச் சாயமேறிய ஒரு காக்கிச் சட்டை, வாய் கட்டிய ஒரு பை. பையின் மேல் கொட்டை எழுத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு. வெயில் காய்ந்துகொண்டிருந்த அவர் கணவர் மாரியப்பன் என்னை உற்றுப் பார்த்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பிறகு சாதிக் பாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, கொடை பாய்! போன மழையில, நான் பம்பைத் தூக்கிட்டு ரோட்டுல நின்னப்ப வந்து கேட்டீங்களே, மேல காப்பர் இருக்கான்னு! நெறைய இருக்கு, போன வாரம்தான் வந்துச்சுன்னு சொன்னேனே! மருந்து ஏவாரின்னு நெனச்சேன்."

அந்த மழை எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, "மேல காப்பர் இருக்குதான்னு கேட்டுட்டு வாங்க பாய்" என்று குடையைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தவர், "நெறைய இருக்குதாமுங்க" என்றார். அறிக்கையின் நாலாவது பக்கத்தில், 'இப்பகுதியில் செம்பு இருப்பதை உள்ளூர் மக்களும் உறுதி செய்கிறார்கள்' என்று எழுதினேன்.

"பாய், போன வாரம்தான் வந்துச்சுன்னும் சொன்னாராமே?"

"சொன்னாருங்க மேடம்" என்றார் பாய் தலையைச் சொறிந்துகொண்டு. "மண்ணுக்குள்ள கெடக்கறது போன வாரம் எப்படீங்க வரும்? பெரியவரு ஏதோ ஒளர்றாருன்னு அதை மட்டும் உட்டுட்டனுங்க."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். இறங்காதது நான்.

ஆனாலும் என் பிடிவாதம் அதோடு அடங்கவில்லை. ஒருவர் சொன்னதை நம்பி ஒருமுறை எழுதி மூக்குடைந்தாயிற்று. இன்னொருவர் சொன்னதை நம்பி அழிக்கவும் மாட்டேன். "அம்மா, குச்சிக்குப் பக்கத்துல, செடிக்கு ஒண்ணும் ஆகாம ஒரு குழி தோண்டிக்கட்டுமா?" என்றேன். தங்கம்மா செடிகளை ஒருமுறை பார்த்தார். "செடி செத்துச்சுன்னா உங்களைத்தான் அந்த எடத்துல நடுவேன்" என்று அனுமதி கொடுத்தார்.

மாரியப்பனும் நானும் மாற்றி மாற்றித் தோண்டினோம். பாறையிலிருந்து வரும் செம்பானால் கீழே போகப் போக எண் கூட வேண்டும். மேல்மண் முந்நூற்று நாற்பது. ஓரடி ஆழத்தில் நூற்றைம்பது. இரண்டடியில் அறுபத்திரண்டு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் கடப்பாரையை விடவில்லை. ஏதாவது ஒரு இடத்தில் எண் திரும்பாதா என்ற நப்பாசை. நாலரை அடியில் இற்றுப்போன பாறை தட்டுப்பட்டது. கருவியை வைத்துவிட்டு அந்த ஒரு நிமிடத்தை எண்ணினேன். முப்பத்தெட்டு.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். மேலேயிருந்து தங்கம்மா ஒரு டம்ளரை நீட்டினார். "தேத்தண்ணியக் குடிங்க மொதல்ல. எங்க அப்பா சிலோன்ல இருந்து கப்பல் ஏறி வந்தப்ப, இங்க வேலை இருக்கு, வீடு இருக்குன்னுதான் யாரோ சொல்லி வந்தாரு. வந்து பாத்தா வெறும் காடு. அவரும் ஒரு நாள் உக்காந்து அழுதாராம். மறுநாள் மம்பட்டிய எடுத்துட்டாரு."

மத்தியானம் ஒரு மணிக்குச் சாலையில் சிக்னல் கிடைக்கும் வளைவில் நின்று இயக்குநரை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்களை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாக, "மிஷின் புக் பண்ணியாச்சு. ஒரே ஒரு துளை போட்டுப் பாத்துடலாமே? இல்லைன்னா இல்லைன்னு துளையே சொல்லிடும். அதுக்கு ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள நீங்க வடக்கே வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. எனக்கு வழி விட்டுத்தான் பேசினார். அந்த வழி எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரிந்தது. பள்ளத்தில் அந்தச் சிவப்புக் குச்சி தெரிந்தது, அதன் மேல் வாளியும். "குழியே சொல்லிடுச்சு சார். துளை வேண்டாம். நான் தப்பா எழுதினேன், நானே திருத்தி அனுப்பறேன்" என்றேன்.

"அப்படின்னா வடக்குக்கு வேற ஆளைத்தான் போடணும்."

"தெரியும் சார்."

இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். நடுங்கியது.

சனிக்கிழமை காலை குழியை மூடி மிதித்துச் சமன் செய்தேன். செடிகள் பன்னிரண்டும் நின்றன. குச்சியைப் பிடுங்கி ஜீப்பில் போடப் போனபோது தங்கம்மா தடுத்தார். "அதைக் குடுத்துட்டுப் போங்க. கொட்டகைப் பக்கம் பீன்ஸ் போட்டிருக்கேன், கொடிக்கு ஊணலாம். நல்ல கம்பு." கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, என் கையெழுத்தைத் தொட்டு, "என்னா எழுதியிருக்கு?" என்றார். "ஒண்ணு" என்றேன். "அப்ப மொதக் கொடிக்கே வச்சிக்கிறேன்" என்றார்.

ஊட்டியிலிருந்து பன்னிரண்டு மணிப் பேருந்து. வழியனுப்பும்போது சாதிக் பாய் வாடகையில் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். "எம்மேலயும் தப்பு இருக்குதுங்க" என்றார். அவர் பையிலேயே பணத்தைத் திணித்துவிட்டு ஏறினேன். மடியில் அதே பெட்டி. அதன் மேல் மடிக்கணினி. லவ்டேல், கேத்தி, அருவங்காடு என்று வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. வடக்கே நான் வேலை பார்த்த மலைகள் மொட்டைப் பாறைகள். அங்கே எதைத் தொட்டாலும் கல்தான் பதில் சொல்லும், ஆளைக் கேட்க வேண்டிய அவசியமே வராது. கல்லை மட்டும் கேட்டுக் கேட்டு, மனிதர்களைக் கேட்கும்போது இறங்கி நிற்க வேண்டும் என்பதே எனக்குப் பழகாமல் போயிருக்கிறது. கோவையிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர்தான். ஜார்க்கண்டிலோ ராஜஸ்தானிலோ பேச ஆள் வைத்துக்கொள்வது நியாயம். என் சொந்தப் பாஷை பேசுகிற மலையில், குடைக்குள் இன்னொருவரை அனுப்பிக் கேட்டவள் நான்.

குன்னூர் தாண்டியதும் அறிக்கையைத் திறந்தேன். வரைபடத்தை எடுத்தேன், துளைக்கான பரிந்துரையை எடுத்தேன், முடிவுரையை முழுதாக எடுத்தேன். நாலாவது பக்கத்து வாக்கியத்துக்கு வந்தபோது கை நின்றது. அதை அழிக்கவில்லை. 'உள்ளூர் மக்களும்' என்பதில் இருந்த 'உம்'மை மட்டும் நீக்கி, பின்னால் கொஞ்சம் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, கல்லாறு வருவதற்குள் அனுப்பிவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது: 'இப்பகுதியில் செம்பு இருப்பதை உள்ளூர் மக்கள் உறுதி செய்கிறார்கள். எஸ்டேட் மருந்து ஸ்டோரில், மூட்டைகளில்.'